கத்திக்கு முன்னால் பெயர்

போடிநாயக்கனூரில் பொழுது புலர்வதற்குள் தோட்ட ஜீப்புகள் கிளம்பிவிடும். முந்தலைத் தாண்டினால் 17 கொண்டை ஊசி வளைவுகள், மேலே போடிமெட்டு, அதற்கப்பால் கேரளத்துப் பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று ஏலத்தோட்டங்கள். காய் எடுக்கப் போகும் ஒரு பெண்ணுக்குக் கன்னம் ஒரு பக்கம் தடித்திருந்தால், வலிக்கிறதா என்பதுதான் வீட்டில் எழும் முதல் கேள்வி. வலித்தால் ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் பல் டாக்டரிடம் போவார். வலிக்காவிட்டால், சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போடுவார். தாடை எலும்புக்குள் வளரும் அரிய கட்டிகளில் பெரும்பாலானவை வலிப்பதே இல்லை. முகம் கோணும்போதோ, பல் ஆடும்போதோதான் அவை கவனத்துக்கு வருகின்றன. அதற்குள் எலும்பின் உட்புறம் பாதி கரைந்திருக்கும்.

இவை புற்றுநோய் அல்ல. பொதுவாக மற்ற உறுப்புகளுக்குப் பரவிக் கொல்வதில்லை. அதனாலேயே இவற்றைப் பற்றிப் பொதுவெளியில் பேச்சே கிடையாது. வாய்ப்புற்று பற்றிப் பேருந்து நிலையச் சுவர் வரை எழுதியிருக்கிறது. ஆனால் ‘கேன்சரா, சாதாரணக் கட்டியா’ என்ற கேள்விக்குச் சாதாரணக் கட்டி என்று பதில் வந்ததும் விசாரணையை முடித்துக்கொள்வது பெரிய தவறு. அந்த வகைக்குள், தொடவே கூடாதவையும் இருக்கின்றன. தாடையில் ஒரு துண்டை வெட்டி எடுத்தாலொழிய அடங்காதவையும் இருக்கின்றன. வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒரே வீக்கம்தான்.

உடம்பின் வேறெந்த எலும்பிலும் வராத கட்டிகள் தாடையில் மட்டும் வருவதற்குக் காரணம் பல். கருவின் ஆறாவது வாரத்திலேயே, வாயின் மேல்தோல் உள்நோக்கி மடிந்து பல்முளைகளை உண்டாக்கத் தொடங்குகிறது. 20 பால்பற்களும் 32 நிலைப்பற்களும் உருவாகி முடிந்த பின்னும், அந்த வேலையில் ஈடுபட்ட உயிரணுக்களின் மிச்சங்கள் எலும்புக்குள்ளும் ஈறுக்குள்ளும் தங்கிவிடுகின்றன. பிரெஞ்சு மருத்துவர் மலஸே 1885இல் பல்வேரைச் சுற்றியிருக்கும் இத்தகைய மிச்சங்களை விவரித்தார். இன்றும் அவை அவர் பெயரால்தான் வழங்குகின்றன. இந்த மிச்சங்களில் ஒன்று பல ஆண்டுகள் கழித்து மீண்டும் விழித்துக்கொண்டால் நீர்க்கட்டியாகவோ திடக்கட்டியாகவோ வளரலாம். தோட்டத்தில் அடிக்கும் பூச்சிமருந்தால் வந்ததா என்று மலைப்பக்கம் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அந்த மருந்துகளால் வரும் கேடுகள் வேறு பல உண்டு. தாடைக் கட்டிகளுக்கு அவைதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. இக்கட்டிகள் பலவற்றில் இதுவரை கண்டறியப்பட்டிருப்பவை, உயிரணுவுக்குள் ஏற்படும் குறிப்பிட்ட மரபணுப் பிழைகளே.

தமிழ்நாட்டில் தாடைக் கட்டி ஒன்று செய்திகளில் பெரிதாக அடிபட்டது உண்டு. 2019 ஜூலையில், சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஏழு வயதுச் சிறுவனின் வலது கீழ்த்தாடையிலிருந்து 526 பற்கள் எடுக்கப்பட்டன. பையனுக்கு மூன்று வயதாக இருந்தபோதே பெற்றோர் வீக்கத்தைப் பார்த்திருக்கிறார்கள். குழந்தை பரிசோதனைக்கு ஒத்துழைக்கவில்லை. வீக்கம் நாலு வருடம் வளர்ந்தது. எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் எடுத்துப் பார்த்தபோது எலும்புக்குள் ஒரு பை தெரிந்தது. சுமார் நான்கு சென்டிமீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர். முழு மயக்கத்தில், தாடையைப் பக்கவாட்டில் உடைக்காமல் மேற்புறமாகத் துளையிட்டுப் பையை முழுசாக வெளியே எடுத்தார்கள். பிறகு நோயியல் துறையில் அந்தப் பையைப் பிரித்து, உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணி முடிக்க நாலைந்து மணிநேரம் பிடித்தது. 0.1 மில்லிமீட்டரிலிருந்து 15 மில்லிமீட்டர் வரை அளவு. பொடியாக இருந்தவற்றிலும் பல்மகுடம், வேர், எனாமல் உறை எல்லாம் இருந்தன. கூட்டு ஓடோண்டோமா என்பது அதன் பெயர்.

எல்லாருக்கும் அந்த எண்ணிக்கைதான் நினைவில் நிற்கிறது. 2014இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 17 வயது இளைஞருக்கு 232 பற்கள் எடுத்தபோதும் எண்ணிக்கைதான் செய்தியானது. எனக்கு முக்கியமாகப் படுவது, பக்கவாட்டில் உடைக்காமல் மேலே துளையிட்டார்கள் என்பது. ஓடோண்டோமா சுற்றியுள்ள எலும்பைத் தின்று ஊடுருவுவதில்லை. உறையோடு கழன்று வரும். எடுத்தால் அநேகமாகத் திரும்புவதில்லை. இது முன்கூட்டியே தெரிந்ததால்தான் தாடையின் சுவரைக் காப்பாற்ற முடிந்தது, எலும்பு ஒட்டுவேலை தேவைப்படவில்லை. அதே இடத்தில், அதே வயதில், அதே அளவு வீக்கம் வேறொரு கட்டியாக இருந்திருந்தால் இந்த அறுவை போதாமல் போயிருக்கும். இந்தக் கட்டி உயிரினங்களுக்குப் புதிதும் அல்ல. சுமார் 25.5 கோடி ஆண்டுகளுக்கு முன் இன்றைய தான்சானியாவில் வாழ்ந்த கோர்கனாப்சியன் என்ற விலங்கின் தாடைப் படிமத்தில், கோரைப்பல் வேரையொட்டிக் குட்டிப் பற்கள் இருந்ததை வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டார்கள்.

கட்டியின் பெயர் எப்படிக் கிடைக்கிறது? முதலில் விரல். நோயாளியின் கன்னத்துக்கு உட்புறம் விரலை வைத்து அழுத்தினால், மெலிந்த எலும்பு முட்டையோடு போல நொறுங்கும் ஓசை சில நேரம் கேட்கும். கீழுதடு மரத்திருக்கிறதா என்று கட்டாயம் கேட்கவேண்டும். மெல்ல வளரும் கட்டிகள் நரம்பை ஒதுக்கித் தள்ளுமே ஒழிய எளிதில் கொல்வதில்லை. உதடு மரத்துப்போனால் சீழையோ புற்றையோ சந்தேகிக்க வேண்டும். வீக்கத்தின் மேலுள்ள பற்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று குளிர் வைத்துச் சோதிப்பது அடுத்தது. இதைச் செய்யாமல், வேர்நுனியில் கறுப்பு தெரிகிறதே என்று வேர்சிகிச்சை செய்துவிடுவது எங்கும் நடக்கிற பிழை. நடுத்தர வயதுப் பெண்களுக்கு வரும் சிமெண்டோ-எலும்புத் திரிபில் பல் முழு உயிரோடுதான் இருக்கும். எலும்பு தானாக மாறிக்கொண்டிருக்கும், அவ்வளவே. அதற்குச் செய்யவேண்டியது படம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும். கிளறினால்தான் சீழ் பிடிக்கும்.

அப்புறம் ஊசி. இந்தக் கட்டத்தை நான் மிகவும் மதிக்கிறேன். ஏனென்றால் இதற்குப் பெரிய மருத்துவமனை வேண்டாம், போடியின் எந்தப் பல் மருத்துவமனை நாற்காலியிலும் செய்யலாம். மரப்பு மருந்து போட்டு, அகலத் துளையுள்ள 18 எண் ஊசியை மெலிந்த எலும்பு வழியாக உள்ளே செலுத்தி மெதுவாக உறிஞ்சவேண்டும். வைக்கோல் நிறத் திரவம் வந்து, வெளிச்சத்தில் காட்டும்போது பொடி மினுமினுத்தால், அது கொலஸ்ட்ரால் படிகம். சாதாரண நீர்க்கட்டியாக இருக்கும் வாய்ப்பு அதிகம். வெளிறிய, கெட்டியான, பாலாடைக்கட்டி மாதிரியான பொருள் ஊசியில் அடைத்துக்கொண்டு வந்தால் கெரட்டோசிஸ்ட் என்று நினைக்கவேண்டும். ஒன்றுமே வராவிட்டால் உள்ளே திடக்கட்டி இருக்கலாம். காலிக் குழியாகவும் இருக்கலாம். நாம் உறிஞ்சாமலே ரத்தம் பீறிட்டு சிரிஞ்சை நிரப்பினால், அத்தோடு நிறுத்தி, அழுத்திப் பிடித்து, அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும். எலும்புக்குள் ரத்தநாளக் கட்டி இருந்து, மேலே ஆடுகிற பல்லைச் சாதாரணப் பல் என்று பிடுங்கியதில் ரத்தம் நிற்காமல் நோயாளி இறந்துபோன நிகழ்வுகள் மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ளன. காரணமில்லாமல் ஒற்றைப் பல் ஆடுவது, ஈறோரம் அடிக்கடி ரத்தம் கசிவது, கை வைத்தால் துடிப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் இடுக்கியை எடுப்பதற்கு முன் படமும் ஊசியும் வேண்டும்.

படம் என்றால் ஓபிஜி. இரண்டு தாடைகளையும் காதுக்குக் காது ஒரே படத்தில் விரித்துக் காட்டுவது. பின்லாந்துக்காரர் பாட்டெரோ 1940களில் தொடங்கி உருவாக்கிய முறை. இன்று சில நூறு ரூபாயில் எடுக்கலாம். கறுப்பா வெள்ளையா, ஓரம் கூர்மையா மங்கலா, ஒற்றை அறையா பல அறைகளா, பல்வேர்களைத் தின்றிருக்கிறதா தள்ளியிருக்கிறதா, கீழ்த்தாடை நரம்புக் குழாய்க்கு மேலா கீழா என்று இதில் படித்தறிய நிறைய உண்டு. நரம்புக் குழாய்க்குக் கீழே, தாடைக் கோணத்துக்கு அருகில் கூர்மையான முட்டைவடிவக் கறுப்பு தெரிந்தால், அது பெரும்பாலும் கட்டியே அல்ல. உமிழ்நீர்ச் சுரப்பி பதிந்த பள்ளம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஸ்டாஃப்னே 1942இல் 35 பேரிடம் பார்த்து எழுதினார். அதற்கு வைத்தியம் இல்லை, தேவையும் இல்லை. பதின்வயதில், பல்வேர்களுக்கு இடையே வளைந்து நெளிந்து ஏறும் கறுப்புக் குழி ஒன்று உண்டு. திறந்து பார்த்தால் உள்ளே காற்றோ கொஞ்சம் திரவமோதான். திறப்பதே வைத்தியமாகிவிடும். ரத்தம் கசிந்து உறைந்து எலும்பு தானே நிரம்பும்.

கடைசியாக சதைத்துண்டு. பயாப்சி ரிசல்ட் வந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை என்று பலரும், சில மருத்துவர்களும்கூட, நினைக்கிறார்கள். தாடை எலும்பில் அது உண்மையல்ல. நார்த்திசுவும் முதிராத எலும்பும் கலந்த ஒரு துண்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் நோயியல் மருத்துவருக்கு, அது ஃபைப்ரஸ் டிஸ்பிளேசியாவா, எலும்பாக்கும் ஃபைப்ரோமாவா என்று சொல்வது கடினம். படத்தைப் பார்த்தால் பிடிபடும். முன்னது மங்கல்கண்ணாடி போல அக்கம்பக்கத்து எலும்போடு கரைந்துபோகும். பின்னதற்குத் தெளிவான ஓரம் உண்டு. முன்னதை வளர்ச்சி நின்ற பிறகு செதுக்கிச் சீராக்கலாம், முழுசாக எடுக்க வேண்டியதில்லை, கதிர்வீச்சு கொடுக்கவே கூடாது. பின்னதை முழுசாக எடுக்கவேண்டும். ராட்சத உயிரணுக் கட்டியில் நிலைமை இன்னும் நுட்பமானது. துண்டு, படம் இரண்டும் சேர்ந்தாலும் போதாது. கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தாலும் அச்சு அசலாக அதே கட்டி தாடையில் வரும். ரத்தத்தில் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் பார்த்தால் தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் தாடையைச் சுரண்டிய நோயாளிக்குக் கட்டி திரும்ப வரும். கூடவே சிறுநீரகத்தில் கல்லும் எலும்புத் தேய்வும் வளரும். சுரப்பியைச் சரிசெய்தால் தாடைக் கட்டி பெரும்பாலும் தானே வற்றும்.

ஆகவே சதைத்துண்டுப் புட்டியோடு ஆய்வகத்துக்குப் போகும் சீட்டில் ‘தாடை வீக்கம், நீர்க்கட்டியாக இருக்கலாம்’ என்று ஒருவரி எழுதி அனுப்புவது நோயாளிக்குச் செய்யும் அநீதி என்பேன். வயது, எத்தனை மாதமாக, எந்தப் பல்லருகே, ஊசியில் என்ன வந்தது, எல்லாம் அதில் இருக்கவேண்டும். ஓபிஜி படத்தை செல்போனில் எடுத்தாவது நோயியல் மருத்துவருக்கு அனுப்பவேண்டும். துண்டைத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடாமல், துண்டைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலினில் மூழ்க வைக்கவேண்டும். எலும்பு கலந்திருந்தால் அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்கிய பிறகே சீவமுடியும் என்பதால் ரிசல்ட் தாமதமாகும். இதை நோயாளியிடம் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். சொல்லாவிட்டால், போன வாரமே வரச்சொன்னார்கள், வரவில்லை என்று அவர் மலையேறிவிடுவார்.

தீர்மானிக்கக் கடினமான கட்டிகள் இரண்டு. ஒன்று கெரட்டோசிஸ்ட். டென்மார்க்கின் ஃபிலிப்சன் 1956இல் பெயரிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2005இல் இதைக் கட்டிகளோடு சேர்த்தது, 2017இல் மறுபடியும் நீர்க்கட்டிகளோடு வைத்தது. வல்லுநர்களே இப்படித் தடுமாறும் அளவுக்கு அதன் குணம் இரண்டுங்கெட்டான். எலும்பை வெளியே உப்பவைக்காமல் மஜ்ஜைக்குள்ளேயே முன்னும் பின்னுமாக நீளும். வேறு எதற்கோ எடுத்த படத்தில் தற்செயலாகத் தெரியும்போது கடைவாய்ப்பல்லிலிருந்து தாடை மூட்டுவரை போயிருக்கும். உறை மெல்லியது, கிழியும், ஓரத்தில் குட்டிக் கட்டிகளை விட்டுவைக்கும். வெறுமனே தோண்டி எடுத்தால் சுமார் நாலில் ஒருவருக்கு மறுபடி வருகிறது. தோண்டிய குழியில் கார்னாய் கரைசலையோ 5-ஃபுளூரோயுராசில் மருந்தையோ வைத்து மிச்ச உயிரணுக்களை அழிப்பது ஒரு வழி.

இன்னொரு வழி பொறுமையானது. கட்டியின் சுவரில் ஒரு சிறு துளையிட்டு, ஒரு துண்டு ரப்பர்க் குழாயை உள்ளே வைத்து ஈறோடு தைத்துவிடுவார்கள். காலையும் இரவும், ஊசி நீக்கிய சிரிஞ்சில் உப்புநீரை நிரப்பிக் குழாய் வழியே பீய்ச்சி, உள்ளே சேர்ந்த வெள்ளைக் கழிவு போகும்வரை கழுவவேண்டும். உள்ளழுத்தம் குறைந்ததும் எலும்பு ஓரத்திலிருந்து நிரம்பத் தொடங்கும், உறை தடிக்கும், நரம்பு விலகி நிற்கும். பல மாதங்கள் கழித்து, சுருங்கிய மிச்சத்தை எடுப்பது எளிது. தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசைவீட்டில், குடியிருப்பவருக்கு இதெல்லாம் ஒத்துவராது, ஒரேயடியாக அறுத்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கொதித்து ஆறிய தண்ணீரும் உப்பும் லயத்திலும் உண்டு. முதல் இரண்டு தடவை நோயாளியின் கையாலேயே கழுவவைத்து, கண்ணாடியில் காட்டிக் கற்றுக்கொடுத்தால் செய்வார்கள்.

மற்றொன்று அமிலோபிளாஸ்டோமா. எனாமலை உண்டாக்கும் உயிரணுக்களை ஒத்தவை இதில் வரிசைகட்டி நிற்கும். பெரும்பாலும் கீழ்த்தாடையின் கடைவாய்ப்பகுதியில் வரும். படத்தில் சோப்பு நுரை, தேன்கூடு என்று நூல்கள் வர்ணிக்கும் பல அறைகள் தெரியும். பொதுவாகப் பரவாது, ஆனால் படத்தில் தெரியும் எல்லையைத் தாண்டி எலும்பு மஜ்ஜைக்குள் விரல்விட்டிருக்கும். சுரண்டி எடுத்தால் பாதிக்கு மேற்பட்டோருக்குத் திரும்ப வருகிறது. அதனால் ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் நல்ல எலும்பையும் சேர்த்து வெட்டுகிறார்கள். இளவயதில் வரும் ஒற்றை அறை வகையில், கட்டி உறைக்குள்ளேயே அடங்கியிருந்தால் இவ்வளவு வேண்டாம். உறையின் சுவருக்குள் புகுந்திருந்தால் வேண்டும். எது என்று சிறு துண்டை வைத்துச் சொல்லமுடியாது, முழு உறையையும் பார்த்தாகவேண்டும். 2014இல் இக்கட்டிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் பி-ராஃப் என்ற மரபணுவில் ஒரே ஒரு பிழை இருப்பது கண்டறியப்பட்டது. அதே பிழையுள்ள தோல்புற்றுக்குத் தயாரித்த டாப்ராஃபெனிப் மாத்திரை சிலருக்குத் தாடைக் கட்டியையும் சுருக்கியிருக்கிறது. தாடையை இழக்காமல் தப்பிக்கும் வழி அதிலிருந்து வரக்கூடும். இன்றைக்கு அது வழக்கமான சிகிச்சை அல்ல.

வெட்டிய தாடைக்கு மாற்றாகக் காலின் ஃபிபுலா எலும்பை ரத்தக்குழாயோடு எடுத்து, வளைவுக்கேற்ப அறுத்துப் பொருத்துவது 1989இல் ஹிடால்கோ விவரித்த முறை. கணுக்காலுக்கு மேலே சில சென்டிமீட்டர் எலும்பை விட்டுவைப்பதால் நடை போகாது என்று நூல்கள் சொல்லும். சமதரையில் அது சரி. ஆனால் சிலருக்குக் கணுக்கால் விறைப்பும், கால் கட்டைவிரலை மடக்கும் பலத்தில் குறைவும் நிற்கின்றன. ஈரச் சரிவில் குனிந்து நின்று ஏலச்செடியின் அடித்தூரில் காய் எடுப்பவருக்குக் கட்டைவிரல் பிடிமானம்தான் வேலை. எடுக்கவேண்டிய துண்டு சிறியதாக இருந்தால் இடுப்பெலும்பு போதுமா என்று யோசிக்க இது ஒன்றே போதுமான காரணம். சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குமுன் என்ன வேலை செய்கிறீர்கள், எங்கே செய்கிறீர்கள் என்று கேட்கவேண்டும்.

அடுத்தது திரும்ப வருதல். கெரட்டோசிஸ்ட் முதல் ஐந்தாண்டில் அதிகமாகத் திரும்பும். பத்தாண்டு கழித்தும் திரும்பியிருக்கிறது. அமிலோபிளாஸ்டோமாவும் அப்படித்தான். ஆகவே வருடந்தோறும் ஒரு படம். போடியிலிருந்து தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போவது அரைநாள் வேலை. மதுரைக்கு ரயிலில் 90 கிலோமீட்டர். 2010 கடைசியில் அகலப்பாதை வேலைக்காக நின்ற அந்த ரயில், 2023 ஜூனில்தான் போடிக்குத் திரும்ப வந்தது. மேலே லயத்தில் குடியிருப்பவர் கோட்டயத்துக்குப் போவார். ஒரே ஆளின் முதல் படம் ஒரு மாநிலத்திலும் ரிசல்ட் இன்னொரு மாநிலத்திலும் கிடக்கும். அறுவைக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கைகொடுக்கலாம்; மறுபரிசோதனைக்குப் போகும் நாளின் கூலியை அந்த அட்டை தருவதில்லை. மறுபரிசோதனைத் தேதியை மருத்துவமனை நாள்காட்டியை மட்டும் பார்த்துக் குறிக்காமல், கோடையில் காய் எடுப்பு ஓயும் மாதங்களில் குறித்தால் வருகிறவர்கள் கூடுவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். இதற்குப் பணச்செலவு கிடையாது.

இன்னொன்றும் செலவில்லாதது. நுண்ணோக்கியில் பார்த்த சீவலுக்கு மூலமான துண்டு, மெழுகுக் கட்டியாக ஆய்வகத்தில் எண்ணிட்டு வைக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி, படத்தின் நகலோடு நோயாளியின் கையிலேயே கொடுத்துவிடலாம். பல வருடம் கழித்து அதே கன்னம் மறுபடி தடித்து, கம்பத்திலோ கோட்டயத்திலோ வேறொரு மருத்துவர் முன் அவர் உட்கார்ந்தால், பழைய மெழுகுத் துண்டை வரவழைத்து புதியதோடு ஒப்பிடலாம். பி-ராஃப் பிழை இருக்கிறதா என்றும் அதிலேயே சோதிக்கலாம்.